உறைந்த பீட்சா வாங்குமுன் உங்கள் அடுப்பைப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “இரவு எட்டரைக்கு வேலை முடிந்து வருகிறேன். சமைக்க முடியாத நாட்களுக்கு நல்ல உறைந்த பீட்சா எது? என்னிடம் காஸ் அடுப்பும் ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியும் மட்டுமே இருக்கின்றன. இரண்டு முறை வாங்கினேன். இரண்டு முறையும் அடி கருகியது, நடு களியாகக் கிடந்தது. மின்சாரம் போனால் வைத்திருப்பதைச் சாப்பிடலாமா?”

தம்பி, கம்பனிப் பெயரில் இருந்து தொடங்காதீர்கள். அடுப்பில் இருந்து தொடங்குங்கள். உறைந்த உணவு இறக்கும் ஓர் இடத்தின் குளிர் அறையில் ஒன்பது வருடம் பொறுப்பாக இருந்தேன். அதன் பிறகு கொட்டாஞ்சேனையில் அண்ணனுடைய வெதுப்பகத்தில் போறணைக்கு முன்னால் நின்றேன். இந்த இரண்டு இடங்களிலும் நான் கண்டது ஒன்றுதான்: கெட்டுப்போன பீட்சாக்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் கெடவில்லை. வழியில் உருகிக் கெட்டன, அல்லது பொருந்தாத அடுப்பில் ஏறிக் கெட்டன. உங்களுக்கு நடந்தது இரண்டாவது என்றே நினைக்கிறேன்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தின் விறகுப் போறணை 400 பாகை செல்சியஸுக்கு மேல் தகிக்கும். அதில் ஒரு பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். அந்த வெப்பம் எந்த வீட்டிலும் இல்லை. அதனால் உறைந்த பீட்சா செய்பவர்கள் வேலையில் ஒரு பங்கைத் தாங்களே முடித்து அனுப்புகிறார்கள். எவ்வளவு முடித்து அனுப்புகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஒரு வகையில் அடித்தட்டு முக்கால் பதம் சுடப்பட்டிருக்கும். வீட்டில் நாம் செய்யவேண்டியது பனியைப் போக்கி, அடியை மொறுமொறுப்பாக்கி, சீஸை உருக்குவது மட்டுமே. இன்னொரு வகையில் மா பச்சையாகவே இருக்கும். ஓவனில் வைத்த பின்தான் அது பொங்கி எழும்பும். பெட்டியின் படத்தில் தடித்த, உப்பிய ஓரத்தோடு மிக அழகாகத் தெரிவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அதற்கு மேலிருந்தும் கீழிருந்தும் வெப்பம் வேண்டும். காஸ் அடுப்பின் சட்டியில் வைத்தால் அடி கருகும், நடு மா வேகாமல் களியாகும். வேகாத மாவை உண்பது வயிற்றுக்கும் நல்லதல்ல, பச்சைக் கோதுமை மாவில் கிருமிகள் இருக்க இடமுண்டு.

கடையில் நின்றபடியே இந்த இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. பெட்டியின் பின்பக்கத்தில் சமைக்கும் நேரத்தைப் பாருங்கள். 220 பாகையில் 10 முதல் 12 நிமிடம் என்றிருந்தால் அது சுட்டு வந்த மெல்லிய தட்டு. 20 நிமிடத்துக்கு மேல் என்றிருந்தால் பச்சை மா, அல்லது மிகத் தடித்த தட்டு. கண்ணாடிப் பொலித்தீனில் சுற்றி விற்பதானால் திருப்பி அடியைப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகளும் சிறு துளைகளும் தெரிந்தால் சுட்டது. வெள்ளையாக, மாப்பொடி பூசினாற்போல் இருந்தால் பச்சை. ஓவன் வாங்கும் வரை 12 நிமிடத்துக்கு மேல் கேட்கும் எதையும் நீங்கள் தொடவேண்டாம்.

அளவையும் சேர்த்துப் பாருங்கள். 12 அங்குலப் பீட்சா 8 அங்குலத்தை விட ஒன்றரை மடங்குதான் பெரியது என்று தோன்றும். பரப்பளவைக் கணக்கிட்டால் அது இரண்டேகால் மடங்கு. ஒருவருக்கு 8 அங்குலம் போதும், அது தோசைக்கல்லிலும் அடங்கும். விலையை ஒப்பிடும்போது பெட்டியின் விலையைப் பார்க்காமல் 100 கிராம் என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். பெரிய பெட்டிக்குள் சிறிய பீட்சா இருப்பது வழக்கம்.

இனிக் குளிர். கவனம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் செலுத்துங்கள் என்றால் இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

உறைந்த உணவு தொழிற்சாலையில் இருந்து உங்கள் கைக்கு வரும்வரை மைனஸ் 18 பாகையில் இருக்கவேண்டும். போன மாதம் காலி வீதியில் ஒரு கடையில் இரண்டு பெட்டிகளைக் கையில் எடுத்தேன். ஒரே பெயர், ஒரே உற்பத்தித் திகதி, ஒரே விலை. முதலாவதை மெல்லச் சரித்தேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. இரண்டாவதைச் சரித்தபோது ஏதோ ஒரு பக்கமாகச் சரசரவென்று ஓடியது. அதன் அட்டையின் ஒரு மூலை நனைந்து காய்ந்த தாள்போல் நெளிந்திருந்தது. பெட்டிக்குள் இருந்த பையைத் தடவிப் பார்த்தால் பனிப்பொடி கையில் உணரும் அளவுக்கு இருந்தது. சீஸ் ஓரிடத்தில் கட்டியாகத் திரண்டிருந்தது. அந்தப் பீட்சா எங்கோ ஓரிடத்தில் உருகி, மீண்டும் உறைந்திருக்கிறது. உருகியபோது தக்காளிச் சாற்றின் நீர் முழுவதையும் அடித்தட்டு குடித்துவிட்டது. எந்த அடுப்பில் வைத்தாலும் அது இனி மொறுமொறுப்பாகாது. தனியே சில துண்டுகள் உதிர்ந்து கிடப்பது குற்றமில்லை, ஏற்றி இறக்குவதில் அது நடக்கும். உதிர்வு, பனிப்பொடி, நெளிந்த அட்டை மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் வைத்துவிட்டு வாருங்கள்.

குளிர் அறையில் வேலை செய்த காலத்தில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். லொறியின் கதவு திறந்தபடி இருக்கும், கையெழுத்துக்காகச் சாரதி அலைவார். கொழும்பின் வெயிலில் அரை மணித்தியாலம் நின்றால் வெளிவரிசைப் பெட்டிகள் வியர்க்கத் தொடங்கிவிடும். உள்வரிசை கல்லாக இருக்கும். ஒரே சுமையில் வந்த இரண்டு பெட்டிகள் இரண்டு விதமாக இருப்பதற்கு இதுவே காரணம். கடையின் திறந்த பெட்டிக் குளிரூட்டிகளில் உட்சுவரில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேல் குவித்து வைத்தவற்றுக்குப் போதிய குளிர் எட்டாது. கையை உள்ளே விட்டுக் கீழே இருப்பதை எடுங்கள். காலாவதித் திகதியைப் பார்க்கவேண்டும் என்பதை நீங்களே அறிவீர்கள். ஆனால் உருகி உறைந்த பெட்டியை அந்தத் திகதி காப்பாற்றாது.

சாமான்கள் எல்லாவற்றையும் எடுத்து முடித்த பின், காசு கட்டப் போகும்போது மட்டும் பீட்சாவை எடுங்கள். பழைய பத்திரிகைக் கடதாசியை நாலைந்து மடிப்பாகச் சுற்றி, உறைந்த மற்றப் பொருட்களோடு நெருக்கி வையுங்கள். வழியில் வேறு கடை ஏறவேண்டாம். மாலை ஆறு மணிக்குக் காலி வீதியில் பஸ்ஸில் நிற்பதானால் அன்றைக்கு வாங்காமல் விடுவதே நல்லது. உங்கள் அறைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள சிறிய கடையில் கிடைக்கும் சாதாரணப் பீட்சா, கொள்ளுப்பிட்டியில் கிடைக்கும் உயர்ந்த பீட்சாவை விட உங்களுக்கு நன்றாக அமையும்.

உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் பனிக்கட்டி வைக்கும் சிறு அறையின் கதவில் நட்சத்திரக் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 பாகை, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒரு நட்சத்திர அறையில் உறைந்த உணவு ஒரு வாரம், இரண்டில் ஒரு மாதம், அதற்கு மேல் வைக்கக் கூடாது. பெட்டியில் ஒரு வருடம் என்று அச்சிட்டிருப்பது மைனஸ் 18க்குச் சொன்ன கணக்கு. கழிவு விலையில் ஐந்து வாங்கி அடுக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் பொருட்களில் சீஸைத்தான் முதலில் பார்க்கவேண்டும். உள்ளடக்கப் பட்டியல் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படும், அதிகமாக இருப்பது முதலில் வரும். கோதுமை மாவுக்கு அடுத்து மொசரெல்லாச் சீஸும் தக்காளியும் வந்தால் நல்லது. சீஸ் என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ‘சீஸ் அனலொக்’ என்றோ, தாவரக் கொழுப்பும் மாப்பொருளும் என்றோ இருந்தால் அது பாம் எண்ணெய் போன்றவற்றைக் கொண்டு சீஸ் போலச் செய்தது. உண்மையான மொசரெல்லா சூட்டில் இழுபட்டு நூலாக நீளுவது பாலின் புரதம் வலைபோல் பின்னியிருப்பதனால். அந்தப் புரதம் போதிய அளவு இல்லாத பதிலியிலிருந்து எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், அல்லது உருகாமல் ரப்பர்போல் தோலாகும். தோசைக்கல்லில் மேலிருந்து வெப்பம் வராது என்பதால் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். மெல்லிய சூட்டிலேயே இளகும் சீஸ்தான் உங்களுக்கு உதவும். ஐரோப்பாவில் இருந்து வரும் பெட்டிகளில், பெயரில் சொல்லும் பொருள் எத்தனை சதவீதம் என்றும் எழுதியிருப்பார்கள். கோழிப் பீட்சா என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே கோழி எவ்வளவு என்பதைப் பக்கத்தில் படித்துப் பாருங்கள், படத்தை நம்பவேண்டாம்.

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் இறைச்சி இல்லை என்பது மட்டும் போதாது. பாலைத் திரளவைத்துச் சீஸாக்கும் ரெனட் என்ற நொதி கன்றின் வயிற்றில் இருந்தும் எடுக்கப்படும், நுண்ணுயிரில் இருந்தும் எடுக்கப்படும். சைவக் குறி இருக்கும் பெட்டியையே எடுங்கள். பார்மிஜானோ ரெஜியானோ என்ற இத்தாலியச் சீஸ் எப்போதும் கன்றின் நொதியால்தான் செய்யப்படுகிறது. அது சேர்ந்த மரக்கறிப் பீட்சாவை என் அம்மா அறிந்தால் தொடமாட்டார், அவரிடம் சொல்லாமல் கொடுக்க எனக்கும் மனம் வராது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. 100 கிராமில் 1.3 கிராம் உப்புள்ள, 350 கிராம் எடையுள்ள பீட்சாவை ஒருவர் தனியாகச் சாப்பிட்டால் நான்கரைக் கிராம் உப்பு அந்த ஒரு வேளையிலேயே உள்ளே போய்விடும். மதியம் கடைச் சோறும் கருவாடும் சாப்பிட்டிருந்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். பெட்டியில் சோடியம் என்று மட்டும் எழுதியிருந்தால் அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும். இலங்கையில் 2019 முதல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்புக்கான நிறக் குறிகள் வந்துள்ளன. 100 கிராமில் உப்பு 1.25 கிராமைத் தாண்டினால் சிவப்பு. இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் தெரிவு செய்வதானால் உப்பில் சிவப்பு இல்லாததை எடுங்கள். சொசேஜ், பதப்படுத்திய இறைச்சி போட்டவற்றில்தான் உப்பு ஏறும். சீஸும் தக்காளியும் மட்டும் உள்ள எளிய பீட்சாவை வாங்கி, மேலே வேண்டியதை நீங்களே போடுவதுதான் என் தெரிவு. வாரத்துக்கு ஒன்று போதும். கூடவே ஒரு வெள்ளரிக்காயை நறுக்கிச் சாப்பிடுங்கள்.

இப்போது தோசைக்கல். ஒரு கிராம் பனிக்கட்டியைத் தண்ணீராக்க 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்தத் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கலோரி போதும். ஆகவே முதல் நிமிடங்களில் நீங்கள் கொடுக்கும் நெருப்பின் பெரும்பகுதி பனியைக் கரைப்பதிலேயே செலவாகிறது. மேலே சீஸ் இன்னும் கல்லாக இருக்கிறதே என்று நெருப்பைக் கூட்டினால் அடி கருகுமே தவிர மேலே ஒன்றும் விரைவாக நடக்காது. இது பொறுமையாகச் செய்யும் வேலை.

தடித்த இரும்புத் தோசைக்கல்லை நடுத்தர நெருப்பில் மூன்று நிமிடம் காயவையுங்கள். பிறகு நெருப்பை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். அடியில் இருக்கும் அட்டையையும் பொலித்தீனையும் கழற்றி, பீட்சாவைப் பிரீசரில் இருந்து எடுத்தபடியே வையுங்கள். முன்கூட்டியே வெளியில் எடுத்து இளகவிடக் கூடாது, இளகும் நீரை அடித்தட்டு குடித்துவிடும். எண்ணெய் தேவையில்லை. சீஸில் முட்டாத உயரமான மூடியால் மூடுங்கள். கவிழ்த்த தாச்சி இதற்கு அருமையாகப் பொருந்தும். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் மூடியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளி கோத்து நிற்கும். அதைத் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் பீட்சாவின்மேல் சொட்டும். பீட்சாவைக் கால் வட்டம் திருப்பி மீண்டும் மூடுங்கள். இன்னும் ஐந்தாறு நிமிடத்தில் ஓரத்தை அகப்பையால் தூக்கிப் பாருங்கள். அடி பொன்னிறமாக, தட்டினால் காய்ந்த அப்பளத்தைத் தட்டினாற்போல் சத்தம் தரவேண்டும். அப்போதும் நடுவில் சீஸ் உருகாமல் இருந்தால் கல்லின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு உடனே மூடுங்கள். ஒரு நிமிடத்தில் ஆவி அதை இளக்கிவிடும். கடைசியாக மூடியை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள், ஏறிய ஈரம் போய்விடும். இறக்கியவுடன் பீங்கான் தட்டில் வைத்தால் அடியில் வியர்த்து மெதுமெதுவென்றாகும். கம்பித் தட்டில், அது இல்லாவிட்டால் இரண்டு அகப்பைக் காம்புகளின்மேல், இரண்டு நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

மேலே ஏதும் சேர்ப்பதானால் நீர் குறைந்ததைச் சேருங்கள். கறிமிளகாயைச் சட்டியில் வதக்கி, சின்ன வெங்காயத்தைச் சீவி, இடித்த செத்தல் மிளகாயைத் தூவினால் நம் நாவுக்கு ஏற்ற ருசி வந்துவிடும். சமைக்காத தக்காளித் துண்டுகளும் அன்னாசியும் கல்லில் செய்யும் பீட்சாவுக்கு வேண்டாம், அத்தனையும் நீர்.

பின்னர் ஓர் ஓவன் வாங்கினால், முதலில் அதன் உட்பக்க அகலத்தை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். லீற்றர் கணக்கு மட்டும் உதவாது. பீட்சாவை வைக்குமுன் 15 முதல் 20 நிமிடம் ஓவனைக் காயவிட்டு, தட்டு இல்லாமல் நேரே கம்பியில் வையுங்கள். 1,500 வோட் ஓவன் முழு வேகத்தில் அரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் யூனிட் மின்சாரம். ஒருவருக்குச் செய்ய எயார் பிரையர் சிக்கனமானது, ஆனால் கூடையில் 8 அங்குலம் அடங்குமா என்று பார்த்தே வாங்கவேண்டும். மைக்ரோவேவ் மட்டும் உள்ளவர்கள் சாதாரண உறைந்த பீட்சாவை வாங்கவேண்டாம். மைக்ரோவேவ் பெரும்பாலும் தண்ணீரைத்தான் சூடாக்கும், அடித்தட்டு தோல்போல் ஆகிவிடும். மைக்ரோவேவுக்கென்றே செய்த சில பெட்டிகளில் சாம்பல் வெள்ளி நிறத்தில் ஓர் அட்டை வட்டம் இருக்கும். அதில் மெல்லிய அலுமினியப் பூச்சு உண்டு, அது தானே சூடேறி அடியைச் சுடும். அதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

மின்சாரம் போவதைக் கேட்டீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது எங்கள் தொடர்மாடியில் வீடு வீடாக உணவு எறிந்தோம். அந்த நாட்களின் மணம் இன்னும் நினைவில் இருக்கிறது. கதவைத் திறக்காமல் வைத்தால், நிறைந்த தனிப் பிரீசர் 48 மணித்தியாலம் வரை குளிரைப் பிடிக்கும், பாதி நிறைந்தது 24 மணித்தியாலம். உங்கள் ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறு அறைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது, அது வெகு விரைவில் இளகும். வெற்றிடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து நிரப்புங்கள். மின்சாரம் திரும்பியதும் தொட்டுப் பாருங்கள். பீட்சா இன்னும் விறைப்பாக, பனித்துகள் தெரிய இருந்தால் மீண்டும் உறையவிடலாம், ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழுதாக இளகிவிட்டது, ஆனால் இன்னும் சில்லென்று இருக்கிறது, மின்சாரம் போய் நான்கு மணித்தியாலத்துக்குள் என்றால் உடனே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். எவ்வளவு நேரம் இளகிக் கிடந்தது என்று தெரியாவிட்டால் எறியுங்கள். கோழி, இறைச்சி போட்டதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

நாள் முழுவதும் நீங்கள் வேலையில் இருப்பதால் பகலில் மின்சாரம் போய் வந்தது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். அதற்கு ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, பிரீசரிலேயே விட்டுவிடுங்கள். நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. பாதியில் புதைந்திருந்தால் கொஞ்சம் இளகியிருக்கிறது. அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது, அன்றிரவு அந்தப் பீட்சாவை எடுக்காமல் கீழே இறங்கி இரண்டு இடியப்பப் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள்.